களப்பில் பழகிய கையும் மலை நீர்த்தேக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கயாக் படகுகளை வான் வண்டியின் கூரையில் கட்டிக்கொண்டு, கூடாரங்களோடு வளர்ப்பு நாய்களையும் ஏற்றிக்கொண்டு, மலையக நீர்த்தேக்கங்களுக்குத் தூண்டில் போடச் செல்லும் யாழ்ப்பாணத்து இளைஞர்களைக் கண்டித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த வாசகர் கடிதத்தைப் படித்தேன். இத்தகைய பயணங்களை அறவே தடைசெய்ய வேண்டும் என்பதும், நாயை மலைக்குக் கூட்டிச் செல்வது வீண் ஆடம்பரம் என்பதும் அக்கடிதத்தின் சாரம். நானும் நாய் வளர்ப்பவன். நண்பர்களோடு அவ்வாறான பயணங்களில் கலந்துகொள்பவன். ஆகவே என் பேச்சில் ஒரு பக்கச்சார்பு இருக்கக்கூடும் என்பதை வாசகர்கள் கருத்திற் கொள்ளலாம். கடிதத்தை எழுதியவர் அஞ்சுகின்ற ஆபத்து மெய்யானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், அந்த ஆபத்து களப்பிலே கற்ற பழக்கத்தை ஒரு மாற்றமும் செய்யாமல் மலைக்குக் கொண்டுபோவதனால் விளைகிறது என்பதே என் கணிப்பு. தடை போட்டால் அந்தப் பழக்கம் மாறிவிடப் போவதில்லை.

நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் புதிதன்று. யாழ்ப்பாணக் களப்பில் பெரும்பாலான இடங்களில் தண்ணீர் இடுப்பளவுதான், மிஞ்சினால் கழுத்தளவு. சிறகுவலைக்காரர் தண்ணீருக்குள் நடந்து திரிந்தே தடி நாட்டுவதையும் வலை பார்ப்பதையும் பண்ணைப் பாலத்தால் போகிற எவரும் காணலாம். இங்கே கயாக் கவிழ்ந்தால் எழுந்து நின்று, அதை நிமிர்த்தி, சிரித்துக்கொண்டே ஏறிவிடலாம். துடுப்பு கைநழுவிப் போனாலும் நடந்துபோய் எடுத்துவரலாம். சோழகக் காற்றும் வாடைக் காற்றும் மாதக்கணக்காகப் பெரும்பாலும் ஒரு திக்கில் நின்று வீசுவதால், புறப்படும்போது எந்தப் பக்கத்துக் காற்றோ திரும்பும்போதும் அதே காற்றுத்தான் என்று நம்பி இறங்குவது இங்கே பொய்ப்பது குறைவு. தண்ணீரும் வெதுவெதுப்பானது, நெடுநேரம் நனைந்தாலும் கைகால் விறைப்பதில்லை. இப்படிப் பழகியவர் உயிர்காப்பு அங்கியை இருக்கைக்குப் பின்னால் போட்டுவிட்டுத் தூண்டிலை எறிவதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

மலையகத்தில் நாம் படம் பிடித்துப் போடுகின்ற ஏரிகளோ பெரும்பாலும் ஆற்றை மறித்துக் கட்டப்பட்டவை. நுவரெலியாவின் கிரகரி வாவி, ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் 1873ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. காசல்ரீயும் மவுசாகலையும் நீர்மின் உற்பத்திக்காக 1960களில் கட்டப்பட்டவை. கொத்மலையும் விக்டோரியாவும் மகாவலித் திட்டத்தின்கீழ் 1980களில் நிறைந்தவை. பள்ளத்தாக்கை நிரப்பிய தண்ணீர் என்பதனால் அவற்றின் கரைகள் மலைச்சரிவின் தொடர்ச்சியாகவே உள்ளே இறங்குகின்றன. கரையிலிருந்து சில எட்டு வைத்தாலே கால் நிலத்தில் முட்டாத ஆழம் வந்துவிடும். மவுசாகலை நீர்த்தேக்கம் பழைய மஸ்கெலியா நகரத்தை மூழ்கடித்து நிற்கிறது. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது அந்தப் பழைய நகரத்தின் வழிபாட்டுத் தலங்களின் இடிபாடுகள் வெளியே தெரிவதும், அவற்றைப் பார்க்க மக்கள் திரள்வதும் செய்தித்தாள்களில் வருவதுண்டு. படத்தைப் பார்த்து வியக்கின்ற நாம், நீர் நிறைந்திருக்கும் மாதங்களில் அந்தச் சுவர்களும் பட்ட மரங்களின் அடிக்கட்டைகளும் எங்கே இருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அவை கயாக்கின் அடியில்தான் இருக்கின்றன. தூண்டில் அவற்றில் மாட்டிக்கொள்ளும்போது, இருக்கையிலிருந்து பக்கவாட்டில் சரிந்து தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பை, இழுப்பதுதான் கயாக்கைக் கவிழ்ப்பதற்குக் கைகண்ட வழி. தங்கூசியை அறுத்துவிடுங்கள், ஒரு தூண்டில் முள்ளின் விலை சில ரூபாய்தான்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. உயரம் ஆயிரம் மீற்றர் கூடினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்பது பள்ளிக்கூடத்துப் புவியியற் பாடம். ஏறத்தாழ 1870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகையளவுதான். தை, மாசி மாதங்களில் அங்கே விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி படிகிறது. இத்தகைய நீரில் எதிர்பாராமல் விழுபவர் தம்மையறியாமல் பெருமூச்சொன்றை உள்ளே இழுக்கிறார். அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் மூச்சோடு தண்ணீரும் போய்விடும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இது பொருந்தும். நீந்தத் தெரியும் என்று சொல்லி அங்கியை மறுப்பவருக்கு நான் சொல்லுகிற பதில் இதுவே: மூச்சு ஒழுங்குக்கு வரும்வரை தலையை நீருக்கு மேலே பிடித்து வைத்திருப்பதற்குத்தான் அங்கி. படகில் வைத்திருக்கும் அங்கியை விழுந்த பிறகு நீரில் மிதந்தபடி மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், ஒரு தடவை ஆழமான குளத்தில் கரையருகே அதைச் செய்து பார்க்கட்டும். படத்தில் வடிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அங்கியைக் கழற்றுகின்றவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

காற்றும் அங்கே வேறு குணமுடையது. காலையில் கண்ணாடிபோற் கிடக்கும் நீர், வெயில் ஏறச் சரிவுகள் சூடாகிப் பள்ளத்தாக்கு வழியே காற்று மேலேறத் தொடங்கியதும் சுருக்கம் விழுந்து, நண்பகலுக்குள் சிற்றலை எழுப்பிவிடும். மலை இடுக்கு ஒன்றைக் கடந்தவுடன் திக்கு மாறி முகத்தில் அடிக்கும். பங்குனி, சித்திரையிலும் மீண்டும் ஐப்பசியிலும், அதாவது இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில், பிற்பகலில் இடியும் மின்னலும் சேர்ந்து வருவது மலையகத்தின் வழமை. திறந்த நீர்ப்பரப்பில் நிமிர்ந்து நிற்கும் ஒரே பொருள் கயாக்கில் இருப்பவரும் அவர் கையிலுள்ள தூண்டிற்கோலும்தான். இன்று விற்பனையாகும் கோல்களிற் பல மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் இழையால் செய்யப்பட்டவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இடிமுழக்கம் காதில் விழுந்தவுடன் கரையேறிவிட வேண்டும். கடைசி முழக்கம் கேட்டு அரை மணி நேரமாவது கழியும்வரை மீண்டும் இறங்கக்கூடாது. பருத்தித்துறையிலும் குருநகரிலும் வானத்தைப் பார்த்துக் கடலுக்குப் போகாமல் நிற்கத் தெரிந்த பெரியவர்களின் பேரப்பிள்ளைகள், மலையில் மட்டும் மீன் கடிக்கிற நேரம் என்று சொல்லி மழைக்குள் நிற்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

நீர்மட்டம் மழையால் மட்டும் கூடிக்குறைவதில்லை. மின்சார உற்பத்தியின் தேவைக்கேற்பவும் அது மாறும். மாலையில் நீரோரத்தில் மணல்போல் தெரியும் இடத்தில் கூடாரம் அடிப்பவர்கள், மேற்பகுதியில் பெய்த மழையால் இரவோடு இரவாக நீர் ஏறிவருவதை எதிர்பார்ப்பதில்லை. புல் எந்த மட்டத்திலிருந்து முளைத்திருக்கிறதோ அதற்கு மேலே, மண்சரிவின் சுவடுகள் இல்லாத இடத்தில்தான் கூடாரம் அடிக்க வேண்டும். நீர் இறங்கிய காலத்தில் கரையைச் சுற்றித் தெரியும் பழுப்பு நிற வளையம் உலர்ந்த நிலம்போல் காட்சி தந்தாலும், மேலோட்டின் கீழே முழங்கால் புதையும் சேறாக இருக்கும். அதில் முதலில் ஓடி இறங்குவது நாயாகத்தான் இருக்கும், அதை மீட்க இறங்குபவர் அதைவிடப் பாரமானவர். அணைக்கட்டு, வான்கதவு, நீர் உள்வாங்கும் கோபுரம் ஆகியவற்றின் பக்கம் கயாக்கைத் திருப்பவே கூடாது.

இனி நாய்கள். கண்டனக் கடிதம் நாயைப் பற்றித்தான் அதிகம் பேசியது என்பதால் நானும் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவர் அமர்கின்ற மீன்பிடிக் கயாக் பொதுவாக மூன்று தொடக்கம் நான்கு மீற்றர் நீளமுடையது. எத்தனை கிலோகிராம் வரை ஏற்றலாம் என்பதை உற்பத்தியாளர் அதிலேயே அச்சிட்டிருப்பார். இருபது கிலோ நாயைச் சேர்த்தாலும் கணக்குச் சரியாகத்தான் வரும்; ஆனால் அந்தக் கணக்கு அசையாத பாரத்துக்கானது. அசைகின்ற நாய், சைக்கிளின் பின்னால் கட்டாமல் ஏற்றிய நெல்மூட்டை போன்றது. ஓட்டுபவருக்குத் தெரியாமலே ஒரு பக்கம் சாயும்.

மீன் தூண்டிலைக் கவ்வும்போது என்ன நடக்கிறது என்பதைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். சுருளிலிருந்து தங்கூசி கிறீச்சிட்டு ஓடுகின்ற ஓசைக்கு நாயின் காது முதலில் நிமிரும். அடுத்து அது எழுந்து நின்று, நகங்கள் பிளாஸ்டிக்கில் வழுக்க வழுக்க, மீன் துள்ளுகிற பக்கத்து விளிம்பில் முன்னங்கால் இரண்டையும் வைக்கும். அதே நொடியில் நீங்களும் அதே பக்கம் சாய்ந்து கோலைத் தூக்குவீர்கள். இரு பாரமும் ஒரே விளிம்பில் சேர்ந்தால் கயாக் கவிழாமல் வேறென்ன செய்யும்? ஆகவே, மீன் பிடிபட்டால் இருந்த இடத்தில் படுத்துக்கிடக்க வேண்டும் என்பதை நாய் வீட்டு முற்றத்திலேயே கற்றிருக்க வேண்டும். முதலில் வெறும் கயாக்கை மணலில் வைத்து, அதில் ஏறவும் படுக்கவும் பழக்க வேண்டும். பிறகு முழங்காலளவு நீரில். அதன்பின், தூண்டிலே இல்லாமல், துடுப்பு மட்டும் போட்டு. நாய் நிற்கும் இடத்தில் சொரசொரப்பான இறப்பர் விரிப்பொன்றை ஒட்டிவிட்டால் அதன் பதற்றத்திற் பாதி குறையும். வழுக்குகின்ற தரையில் நாய் ஒருபோதும் அமைதியாக இருக்காது. இணையத்தில் வாங்குகின்ற காற்றடைத்த மலிவுக் கயாக்குகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு, நாய் நகமும் தூண்டில் முள்ளும் இருக்கும் இடத்துக்கு அவை உகந்தவையல்ல என்று சொல்லிவிடுவது என் வழக்கம்.

நாய்க்கும் உயிர்காப்பு அங்கி உண்டு. முதுகில் கைப்பிடி வைத்துத் தைக்கப்பட்டதையே வாங்க வேண்டும். ஏனென்றால் நனைந்த நாயை நீரிலிருந்து படகுக்குத் தூக்குவதற்கு வேறு பிடி கிடையாது, கழுத்துப் பட்டியைப் பிடித்துத் தூக்கினால் மூச்சுத் திணறும். நாயின் சங்கிலியையோ கயிற்றையோ கயாக்கில் கட்டிவைப்பதை நான் திரும்பத் திரும்பக் காண்கிறேன். கட்டுபவர் பாதுகாப்பு என்று நினைத்தே கட்டுகிறார். கவிழ்ந்த கயாக்கின் அடியில் குறுங்கயிற்றோடு மாட்டிக்கொண்ட நாய் மேலே வர முடியாது. நீரில் இருக்கும் நேரத்தில் கயிறு நாயின் கழுத்தில் இருக்கவே கூடாது. கரையில் இருக்கும் நேரத்தில் கயிறு இல்லாமல் நாய் இருக்கக்கூடாது. இந்த இரண்டும் இடம் மாறிப்போவதுதான் நம் பயணங்களில் நடக்கிறது.

தூண்டில் முள் நாயின் உதட்டில் ஏறுவது இன்னொரு தொல்லை. இறாலோ கோழியீரலோ குத்தி வைத்த முள்ளை நாய் மோந்து பார்க்காமல் கவ்வும். முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நிற்கும் சிறுமுள்ளைப் புறப்படும் முன்பே குறட்டால் நசுக்கிவிட்டால், ஏறிய முள் வந்த வழியே கழன்றுவிடும். மீனை உயிரோடு விடுவதற்கும் அது நல்லது. முள்ளை விழுங்கிவிட்ட நாயின் வாயிலிருந்து தங்கூசியை இழுக்கவே வேண்டாம். வாய்க்கு வெளியே ஒரு முழமளவு விட்டு அறுத்து, முடிச்சிட்டுக் கழுத்துப் பட்டியில் கட்டிவிட்டு, கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். எனவே ஹட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள கால்நடை வைத்தியர் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தைப் புறப்படும் முன்பே எழுதிவைத்திருப்பது நன்று. மலை இடுக்குகளில் தொலைபேசிச் சமிக்ஞை எப்போதும் கிடைப்பதில்லை.

இரவில் நாய் கூடாரத்துக்குள்ளேதான் உறங்க வேண்டும். காவலுக்காகத்தானே கூட்டிவந்தோம் என்று வெளியே கட்டிவைப்பவர்கள், மலையகத் தேயிலைத் தோட்டங்களைச் சூழ்ந்த பற்றைக் காடுகளிற் சிறுத்தைகள் உலவுகின்றன என்பதையும், தோட்டத்து நாய்களை அவை தூக்கிச் செல்வது அங்குள்ளவர்களுக்குப் பழகிப்போன செய்தி என்பதையும் அறியாதவர்கள். அதைவிட மோசமானது காட்டுப்பன்றிக்கென்று பற்றைகளுக்குள் வைக்கப்படும் கம்பிச் சுருக்கு. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியிலுள்ள தோட்டமொன்றில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று அத்தகைய சுருக்கில் சிக்கி, மீட்கப்பட்டும் சில நாட்களில் உயிரிழந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிறுத்தையையே கொல்லும் சுருக்கு, பின்னால் ஓடிவந்த உங்கள் நாயை விட்டுவைக்காது. பற்றைக்குள் நாயை அவிழ்த்துவிட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கு முதற் காரணம் இதுதான். குறுமயிர் கொண்ட நம் ஊர் நாய்களுக்கு மலைக் குளிர் பழக்கமில்லை. நனைந்த நாயைத் துவட்டாமல் உறங்கவிடக் கூடாது. பச்சைப் பசேலென்று பாசி படர்ந்து நாறும் நீரை அது குடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அத்தகைய பாசிகளிற் சில, நாயைச் சில மணி நேரத்திற் கொல்லக்கூடிய நஞ்சு உடையவை. வீட்டிலிருந்து கொண்டுபோன நீரைக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தால் போதும்.

நாய்களை எல்லா இடத்துக்கும் கொண்டுபோகவும் முடியாது. ஹோட்டன் சமவெளி 1988ஆம் ஆண்டிலிருந்து தேசிய பூங்கா. தேசிய பூங்காக்களுக்குள் வளர்ப்பு நாய்களுக்கு அனுமதி இல்லை. ஹோட்டன் சமவெளியும், சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த காடுகளும், நக்கிள்ஸ் மலைத்தொடரும் சேர்ந்து 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றவை. அங்கே வாழும் விலங்குகளுக்கு நாயிலிருந்து தொற்றக்கூடிய நோய்கள் பல உண்டு. வாயிற்காவலரோடு வாதாடி நாயை வானுக்குள் ஒளித்துக்கொண்டு போனதைப் பெருமையாகச் சொல்லுகிறவர்கள்தான் தடை கேட்பவர்களின் கையில் ஆயுதத்தைக் கொடுக்கிறார்கள்.

நோய் என்றதும் நினைவுக்கு வருவது எலிக்காய்ச்சல். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைப் பறித்தபோது நாம் பட்ட அச்சம் இன்னும் ஆறவில்லை. எலிகளைப் போலவே நாய்களும் அந்தக் கிருமியைச் சிறுநீரில் வெளியேற்றக்கூடும். தேங்கிய நீரும் சேறும் காலிலுள்ள சிறு கீறல் வழியே அதை உடம்புக்குள் கொண்டுவரக்கூடும். மலையிலிருந்து திரும்பிய பின் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண்டால், நீரில் நின்றதை வைத்தியரிடம் மறைக்காமற் சொல்ல வேண்டும். நாய்க்கு எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியும் விசர்நோய்த் தடுப்பூசியும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும்; அந்த அட்டையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். வேறு ஊரில் ஒரு பிள்ளையை உங்கள் நாய் கடித்துவிட்டால் அங்கே முதலிற் கேட்கப்படுவது அந்த அட்டைதான்.

மீன் விடயத்தில் நான் அதிகம் சொல்லப் போவதில்லை. மலையக நீர்த்தேக்கங்களில் தூண்டிலுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கெண்டை வகைகளும் 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும்தான். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து பெரிய ட்ரவுட் மீனை எதிர்பார்த்துப் போவோர் வெறுங்கையோடு திரும்புவர். அங்கே மீன்பிடித்துப் பிழைக்கின்ற உள்ளூர் மீனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வலைக்கு மேலே துடுப்புப் போடாமல், எங்கே தூண்டில் போடலாம், எவருடைய அனுமதி தேவை என்று அவர்களிடமே கேட்டுத் தொடங்குவது மரியாதை. நம் கடலில் நம் வலையை அறுத்துக்கொண்டு பிறர் இழுவைப்படகு போனால் எப்படி இருக்கும் என்பது வடபகுதி மக்களுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதன்று. அளவிற் சிறிய மீனைத் திருப்பி விடுவதும், வீட்டுத் தொட்டியில் வளர்த்த அலங்கார மீனையோ மிஞ்சிய உயிர் இரையையோ நீர்த்தேக்கத்தில் கொட்டாமல் இருப்பதும் அதனோடு சேர்ந்தவை.

கரையில் வாழ்பவர்களைப் பற்றி அந்தக் கடிதமும் எதுவும் சொல்லவில்லை, பயணம் போகின்றவர்களும் எண்ணிப் பார்ப்பதில்லை. காசல்ரீயின் கரையிலும் மவுசாகலையின் கரையிலும் நாம் கூடாரம் அடிக்கும் புற்றரை, பல இடங்களில் லயன் வீடுகளுக்கு முன்னால் இருப்பது. அங்கே பெண்கள் விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகிற பாதையில், முந்தின இரவு உடைத்த போத்தலும் அரைகுறையாக எரிந்த கோழி எலும்பும் கிடக்கின்றன. அவிழ்த்துவிட்ட நாய் துரத்துவது அவர்களுடைய ஆட்டுக்குட்டியையும் கோழியையும்தான். நள்ளிரவுவரை ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுகிறவர்கள், காலைப் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலை பகிரும் கூட்டத்துக்கு, எழும்ப வேண்டியவர்கள் பக்கத்துச் சுவருக்கு அப்பால் உறங்குகிறார்கள் என்பதை நினைப்பதில்லை. அந்த நீர்த்தேக்கங்களின் தண்ணீர் களனி கங்கையில் சேர்ந்து கொழும்பு மக்கள் குடிப்பதற்கும் போகிறது. ஆகவே மலங்கழிப்பதற்கு நீரோரத்தைத் தேடுவதும், பாத்திரத்தைச் சவர்க்காரமிட்டு நீருக்குள் கழுவுவதும் கூடாது. நாயின் கழிவையும் பையில் அள்ளிக்கொண்டு வரவேண்டும் என்று நான் சொன்னபோது என் நண்பர்களே சிரித்தார்கள். இப்போது அவர்களும் அள்ளுகிறார்கள். வரட்சிக் காலத்தில் புற்சரிவுகளில் தீ மூட்டுவது பற்றித் தனியே எழுத வேண்டும். சமையலுக்கு எரிவாயு அடுப்பே போதும்.

என் வேண்டுகோள் இரு திசையில் செல்கிறது. முதலாவது, யாழ்ப்பாணத்திலிருந்து காசு வாங்கிக்கொண்டு இத்தகைய பயணங்களை ஒழுங்குசெய்கின்றவர்களுக்கு. வான், கூடாரம், கயாக், உணவு என்று எல்லாவற்றுக்கும் விலை சொல்லுகின்ற நீங்கள், புறப்படுவதற்கு முந்திய வாரத்தில் ஒரு முழுநாளை ஒத்திகைக்கு ஒதுக்குங்கள். அதைக் களப்பில் வைத்தால் பயனில்லை. கால் நிலத்தில் முட்டுகின்ற இடத்தில் கவிழ்வதைப் பழக முடியாது. ஆழமும் திறந்த நீர்ப்பரப்பும் உள்ள ஒரு குளத்தில், உரியவர்களின் அனுமதியோடும் நீச்சல் வல்ல ஒருவரின் துணையோடும், ஒவ்வொருவரும் அங்கி அணிந்து வேண்டுமென்றே கயாக்கைக் கவிழ்த்து, பின்பக்கமாகக் குப்புற ஏறி மறுபடி அமர்வதைச் செய்து காட்ட வேண்டும். நாயோடு வருபவர், நாயைக் கைப்பிடியால் தூக்கி ஏற்றுவதையும் செய்து காட்ட வேண்டும். அதைச் செய்ய முடியாதவரும் அவருடைய நாயும் கரையில் கூடாரத்தோடு இருந்து இன்புறட்டும்; அதுவும் பயணம்தான். தடையை விட இந்த ஒரு நிபந்தனை அதிகம் காப்பாற்றும் என்பது என் துணிபு.

இரண்டாவது, நீர்த்தேக்கங்களைப் பராமரிக்கின்ற அரச மின்சார நிறுவனத்துக்கும் மகாவலி அதிகார சபைக்கும், அவற்றைச் சூழ்ந்த பிரதேச சபைகளுக்கும். எங்கே இறங்கலாம், எங்கே இறங்கக்கூடாது, கூடாரத்துக்கு எவ்விடம், நாய்க்கு அனுமதி உண்டா என்பவை கரையிலேயே எழுதி வைக்கப்பட வேண்டும். அண்மையில் நான் சென்ற ஒரு நீர்த்தேக்கத்தின் கரையில், நிறம் மங்கிய ஒரேயொரு பலகை சிங்களத்தில் மட்டும் இருந்தது. அதற்கு அருகே தேயிலை பறித்துக்கொண்டிருந்தவர்களும் தமிழர், தூண்டிலோடு வந்திறங்கிய நாங்களும் தமிழர், எங்களில் ஒருவருக்கும் அதை வாசிக்க முடியவில்லை. 1987இலிருந்து தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. ஆழத்தை அறிவிக்கும் பலகையில் அது இல்லாமற் போவது உயிரோடு சம்பந்தப்பட்ட குறை. வான்கதவு திறக்கப்படுவதற்கு முன் ஒலிக்கின்ற எச்சரிக்கை எதைக் குறிக்கிறது என்பதையும் அதே பலகையில் எழுதலாம். கூடாரமடிக்கச் சில கரைகளை ஒதுக்கி, கட்டணம் வாங்கி, அந்தக் கட்டணத்திலிருந்து பக்கத்துத் தோட்டத்து இளைஞர்களுக்குக் காவல் வேலையும் உயிர்காப்புப் பயிற்சியும் கொடுத்தால், மறைவிடம் தேடிப் போகின்றவர்களின் தொகை தானாகவே குறையும்.

பாடசாலைகளின் சித்திரை விடுமுறைக்கான வான் பதிவுகள் பங்குனி நடுப்பகுதிக்குள் முடிந்துவிடுகின்றன. மேலே சொன்ன இடிமின்னல் காலமும் அதுவே. ஆகையால் இக்கடிதத்தை அதற்கு முன்னர் வெளியிட்டு உதவுமாறும், வளிமண்டலவியல் திணைக்களத்தின் மலையக வானிலை அறிக்கையையும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகளையும் அந்த வாரங்களில் தங்கள் முதற் பக்கத்தில் ஒரு சிறு கட்டமாகவேனும் தருமாறும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் அம்புலன்ஸ் சேவையின் 1990 என்ற இலக்கத்தையும் அதனோடு சேர்த்து அச்சிடுமாறும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
நாய் வளர்க்கும் வாசகர் ஒருவர்,
பருத்தித்துறை.